ஒச்சாயா மிதித்த முட்டை

என் கோழி இட்ட முட்டையைக் கேட்டு என் வீட்டு வாசலுக்கே வந்து நின்றாள் பெரியம்மா. எதற்காம்? அவள் மகன் ஒச்சாயா காட்டிலிருந்து திரும்பி வருகிறானாம், அதை மிதித்துவிட்டுத்தான் அவன் வீட்டுக்குள் நுழைய வேண்டுமாம். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! என்னையும் என் தம்பி கிடேகாவையும் பிடித்துக்கொண்டு போனவனே அந்த ஒச்சாயாதான். நான் தப்பி ஓடி வந்துவிட்டேன். கிடேகா வரவில்லை.

"லமாரோ, உன் வெள்ளைக் கோழிதானே இப்ப இடுது? ஒண்ணு குடுடி" என்றாள். "நம்ம முற்றத்துக் கோழியோட முட்டைதான் ஆகும்னு குலப் பெரியவர் சொல்லிட்டார். என் கோழி எல்லாம் கழிச்சல்ல போச்சு. உனக்குத் தெரியாததா?"

"யாருக்குன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா பெரியம்மா?"

"தெரியாம கேப்பேனா? இத்தனை வருஷம் கழிச்சு என் புள்ள வர்றான்டி."

"என் தம்பியும்தான் இத்தனை வருஷமா வரல."

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவனும் குழந்தையாத்தானே போனான்."

அது எனக்குத் தெரியாதா? அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டிலிருந்து எங்கள் ஊரில் சண்டை நடத்தியவர்கள் பெரியவர்களைத் தேடி வரவில்லை. பெரியவன் யோசிப்பான், எதிர்த்துப் பேசுவான், ஓடிப்போவான். குழந்தையை அடித்தால் எப்படி வேண்டுமானாலும் வளையும். அதனால் குழந்தைகளைத்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒச்சாயாவைப் பிடித்தபோது அவனுக்குப் பதிமூன்று வயது. ஊரே அழுதது. நானும் அழுதேன். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். அழாமல் எப்படி இருப்பேன்?

அடுத்த எள் அறுவடைக்கு அவன் திரும்பி வந்தான். தோளில் துப்பாக்கி, பின்னால் ஒரு கூட்டம். அப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாரும் வீட்டில் தூங்குவதில்லை. சோளக் கொல்லைக்குப் பின்னால் ஒரு பாறை இடுக்கு இருந்தது, அங்கே ஒளிந்து படுப்போம். பெற்றவர்களுக்குக்கூட அந்த இடம் தெரியாது. அதைக் கண்டுபிடித்து எங்களுக்குக் காட்டியதே ஒச்சாயாதான். அதனால் அவன் தேடவே இல்லை. விடிகிற நேரத்தில் நேராக அங்கே வந்து, "லமாரோ, கிடேகா, எழும்புங்க" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கிடேகாவுக்கு எட்டு வயது. அண்ணன் உயிரோடு வந்துவிட்டான் என்று சிரித்துக்கொண்டே வெளியே ஓடினான்.

என்னால் மறக்க முடியாதது அந்தச் சிரிப்புத்தான். அடி உதை எல்லாம் உடம்போடு போய்விட்டது.

இரண்டு வருடம் அவர்களோடு கிடந்தேன். தண்ணீர் எடுக்கப் போன இடத்திலிருந்து ஒருநாள் ஓடினேன். அகதி முகாமில் அம்மாவைக் கண்டுபிடித்தபோது எனக்கும் முட்டை வைத்தார்கள். வழவழப்பான பட்டை உள்ள கிளை ஒன்றைப் பிளந்து, அதற்கு நடுவில் முட்டையை வைத்து, பக்கத்தில் களஞ்சியக் கூரையைத் தூக்கி நிறுத்தும் கவைக்கோலைக் கிடத்துவார்கள். வெறுங்காலால் முட்டையை மிதித்து உடைத்து, கோலைத் தாண்டி உள்ளே வர வேண்டும். உடைந்த பிறகு, காட்டில் நீ என்ன செய்தாய் என்று யாரும் உன்னைக் கேட்கக் கூடாது. முட்டைக்கு வாய் கிடையாது, ஒரு பாவமும் அறியாதது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். என்னையும் அன்றிலிருந்து இன்றுவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

ஆனால் ஒச்சாயாவைக் கேட்க வேண்டும். கேட்டே ஆக வேண்டும். என் தம்பி எங்கே?

எனக்காக மட்டும் அல்ல. எங்கள் வழக்கத்தில் புதைக்காதவனுக்கு அழக் கூடாது. மண் இல்லாமல் ஒப்பாரி இல்லை. முகாமில் அப்பா காலராவில் போனபோது அம்மா வாய்விட்டு அழுது தீர்த்தாள். கிடேகாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. முகாமிலும், ஊருக்குத் திரும்பிய பிறகும், ஒவ்வொரு நாளும் அவன் பங்குக் கம்பங்களியை எடுத்து மூடி வைத்தாள், மறுநாள் கோழிக்குப் போட்டாள். ஒச்சாயா சரணடைந்து டவுனில் இருக்கிறான் என்று தெரிந்ததும் முதலில் ஓடியவள் அவள்தான். "கிடேகா எங்கப்பா? மண்ணை மட்டும் காட்டு, அழுதுட்டுப் போயிடறேன்" என்று கேட்டிருக்கிறாள். அவன், "எனக்குத் தெரியாது சித்தி" என்று சொல்லிவிட்டான். பொய். முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம்.

நான் எங்கள் குலப் பெரியவர் ஒப்வோனாவிடம் போனேன்.

"முட்டை மிதிக்கறதுக்கு முன்னாடி அவனைச் சொல்ல வைங்க" என்றேன்.

"அது எப்படிம்மா? வேற குலத்துக்காரன் கொன்னா கசப்பு வேர் குடிக்கற சடங்கு இருக்கு. நடந்ததை எல்லார் முன்னாடியும் சொல்லணும். இது ஒரே ரத்தம். பங்காளிக்குள்ள அந்தச் சடங்கு கிடையாது. முட்டை மட்டும்தான்."

"சரி, மிதிச்சப்புறம் கேக்கலாமா?"

"மிதிச்சப்புறம் யாரும் எதையும் கேக்கக் கூடாது."

"அப்ப எப்பத்தான் கேக்கறது?"

அவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தார். பதில் இருந்தால்தானே சொல்வதற்கு!

பெரியம்மா கேட்ட முட்டையை நான் கொடுத்தேன். அவித்துத்தான் கொடுத்தேன்.

டீக்குத் தண்ணீர் வைத்த பானையிலேயே போட்டேன். நன்றாக வேகட்டும் என்று இரண்டாவது டம்ளர் டீயும் போட்டுக் குடித்தேன். எடுத்து ஆறவைத்து, துடைத்து, கொஞ்சம் கோழிப்பீயைத் தடவி, ஒரு சிறகையும் ஒட்டினேன். பார்த்தால் அப்போதுதான் இட்டது மாதிரி இருந்தது. பெரியம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நீ நல்லா இருப்படி" என்றாள். எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

மறுநாள் காலையில் ஒச்சாயா வந்தான். லாரியிலிருந்து இறங்கும்போது தலையில் ஒரு மெத்தை, கையில் புது மண்வெட்டி, பானை, போர்வை. எல்லாம் அரசாங்கம் கொடுத்தது. துப்பாக்கியைக் கீழே வைத்தால் மன்னிப்புச் சீட்டோடு இதெல்லாம் தருவார்கள். கிடேகாவுக்கு என்ன தந்தார்கள்? ஒரு முழத் துணி உண்டா?

முற்றத்துக்குள் வரும் பாதையில் பெரியவர் கிளையையும் கோலையும் வைத்தார். சனம் இரண்டு பக்கமும் நின்றது. பெரியம்மா குலவையிட்டாள். ஒச்சாயா செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைத் தூக்கி வைத்தான்.

நொறுங்கும் சத்தம் கேட்டது. ஆனால் ஒன்றும் வழியவில்லை. அவன் குனிந்து பார்த்தான். காலை எடுத்து மறுபடி குதிகாலால் அழுத்தினான். ஓடு பிளந்து, வெள்ளையும் மஞ்சளுமாக உதிர்ந்து அவன் கால்விரலில் மாவு மாதிரி ஒட்டியது.

காலையிலேயே சாராயம் ஏற்றிக்கொண்டு வந்திருந்த எங்கள் தூரத்துச் சித்தப்பா ஒருவர், "உப்பு கொண்டாங்கடா! உப்பில்லாம எப்படித் திங்கறது?" என்று கத்தினார். இரண்டு மூன்று பிள்ளைகள் சிரித்துவிட்டு, அடி வாங்கி அடங்கின.

"யார் வீட்டு முட்டை இது?" என்றார் பெரியவர்.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே நடுவில் போய் நின்றேன்.

"என் கோழி இட்டது. நான் அவிச்சது. அரைவேக்காடா எடுக்கல, நல்லா வேக வச்சேன்."

"அடிப்பாவி! உனக்கு என்னடி குறை வச்சேன் நான்?" என்று பெரியம்மா என் மேல் பாய்ந்தாள். இரண்டு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பச்சை முட்டை இடுப்புல முடிஞ்சு வச்சிருக்கேன் பெரியம்மா. கிடேகா எங்கன்னு உங்க புள்ள வாய்ல வரட்டும். அடுத்த நிமிஷம் எடுத்துக் குடுக்கறேன்."

"வேற வீட்ல வாங்கிக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள். பெரியவர் கூடாது என்று தலையை ஆட்டினார். சடங்கின் வாசலில் நின்று ஒருத்தி வழக்குச் சொல்லிவிட்டால், அது தீரும்வரை அங்கே வேறு முட்டை வைக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதானே செய்தேன்!

"சொல்லிடுப்பா" என்றார் ஒச்சாயாவிடம். "சொல்லிட்டு உள்ள வா."

ஒச்சாயா என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, மெத்தையைத் தூக்கிக்கொண்டு, பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தான்.

அந்த நாட்களை நான் ஒளிக்காமல் சொல்கிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முட்டை மிதிக்காதவன் வீட்டுப் பானையில் சாப்பிடக் கூடாது. பெரியம்மா உள்ளே கடலைக் குழம்பு கொதிக்க வைத்துவிட்டு, அவனுக்கு ரோட்டுக் கடையில் சப்பாத்தி வாங்கிக் கொடுத்தாள். தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் நான் வேண்டுமென்றே அந்த மரத்தடி வழியாகப் போனேன்.

"மெத்தை சொகமா இருக்கா அண்ணா?" என்பேன்.

அவன் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான்.

"பாறை இடுக்கு ஞாபகம் இருக்கா? அங்க போய்ப் படுங்களேன். உங்களுக்குத் தெரியாத இடமா?"

ஒருநாள் பகல் முழுக்க மழை கொட்டியது. மெத்தை ஊறி, அவன் அதைத் தலைமேல் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். நான் என் வீட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அம்மா என் பின்னால் வந்து நின்றாள், பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

மழை விட்ட மறுநாள் நான் குடத்தோடு போகும்போது அவன் எழுந்து நின்றான். காய்ச்சல் போல, கண் சிவந்திருந்தது.

"லமாரோ, விட்டுடு. நான் சொன்னா உனக்குத்தான் ஆகாது."

"எனக்கு ஆகாதா? பயமுறுத்திப் பாக்கறியா? இங்க உன் கையில துப்பாக்கி இல்ல, ஞாபகம் இருக்கட்டும்."

"பயமுறுத்தல. உன்னால தாங்க முடியாது."

"நான் தாங்காதது இனிமே ஒண்ணும் இல்லடா. சொல்லு."

"சித்தியைக் கூப்பிடு" என்றான். "எல்லாரையும் கூப்பிடு."

முற்றத்து வாசலில் எல்லாரும் கூடினார்கள். அவன் கோலுக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். பெரியவர் நடுவில். ஒச்சாயா தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"லமாரோ தண்ணிக்குப் போயிட்டு வரல. அவ ஓடிட்டான்னு தெரிஞ்சதும் எங்க எல்லாரையும் வரிசையா உக்கார வச்சாங்க. அவளுக்கு யாரு சொந்தம்னு கேட்டாங்க. யாரும் பேசல. கிடேகா கையைத் தூக்கினான். அக்காவைப் பத்தி ஏதோ நல்ல சேதின்னு நினைச்சுட்டான்."

நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"இன்னும் யாரு சொந்தம்னு கேட்டாங்க. அவன் என்னையும் கை காட்டினான். சின்னப் பையன், மறைக்கத் தெரியல. கட்டையை என் கையில குடுத்தாங்க. அடிக்கலன்னா ரெண்டு பேருக்கும்னு சொன்னாங்க." அவன் நிறுத்தினான். "அதான் சொல்லாம இருந்தேன். நீ ஓடினதாலதான்னு உனக்குத் தெரிய வேண்டாம்னு நினைச்சேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை கண்ணும் என் மேல். பெரியம்மாதான் முதலில் பேசினாள்.

"கேட்டியாடி? கேட்டு வாங்கிக்கிட்டியா? போதுமா இப்ப?"

அம்மாவைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் காட்டில்கூட அப்படிப் பயந்ததில்லை. அவள் என்னை எப்படிப் பார்ப்பாள்? இனிமேல் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பாளா?

அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். என்னைக் கடந்து போய்க் கோலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"என் பொண்ணு ஓடினா. ஓடத்தான் செய்வா. ஓடாம இருந்திருந்தா நான் ரெண்டு பேரைத் தேடிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றாள். "கட்டை யார் கையில இருந்துச்சு ஒச்சாயா?"

"என் கையில சித்தி."

"அப்ப அவளைப் பாக்காத. என்னைப் பாரு. எங்க வச்ச?"

அவன் அம்மாவைப் பார்த்தான். வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

"பெரிய ஆத்துக்கு இந்தப் பக்கம். புளியமரத்தடியில. மத்தவங்களை அப்படியே போட்டுட்டுப் போயிடுவோம். இவனைப் போட முடியல சித்தி. பானை மூடியால தோண்டினேன். அதுக்கும் அடிச்சாங்க."

பெரியம்மா அங்கேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

விடிந்ததும் கிளம்பினோம். அம்மா, நான், பெரியவர், ஒச்சாயா. அவன் முன்னால் நடந்தான், தோளில் அந்த அரசாங்க மண்வெட்டி. புளியமரம் இருந்தது. நான் பார்த்தே இராத மரம், ஆனாலும் அதன் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவன் தோண்டினான். வெயில் ஏறியது. வேர்வை அவன் மூக்கு நுனியில் சொட்டியது.

"கொஞ்சம் தண்ணி குடு லமாரோ" என்றான்.

தண்ணீர்க்குடுவை என்னிடம்தான் இருந்தது. அவன் பார்க்க நான் குடித்தேன். பிறகு மூடியை இறுக்கி மூடி வைத்தேன். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடியும் தோண்டினான்.

கிடேகா அதிக ஆழத்தில் இல்லை. பானை மூடியால் ஒரு பையன் எவ்வளவு தோண்ட முடியும்? அம்மா மண்ணைக் கையால் விலக்கினாள். முன்பற்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்து, "இவன்தான்" என்றாள். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் துணியில் வைத்தாள். எனக்கு இப்போது இருபத்துமூன்று வயது. அவன் பத்திலேயே நின்றுவிட்டான்.

மூட்டையைத் தூக்க ஒச்சாயா குனிந்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன்.

"தொடாத!"

"தூக்கட்டும்" என்றாள் அம்மா. "கூட்டிக்கிட்டுப் போனவன்தான் கொண்டாந்து விடணும்."

அவன் தலையில் வைத்து நடந்தான். ஒரு கையால் பிடித்தாலே போதுமாக இருந்தது, ஆனாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நாங்கள் ஊருக்கு வரும்போது செய்தி முந்திக்கொண்டு வந்திருந்தது, எல்லாரும் வாசலில் நின்றார்கள். அம்மா மூட்டையை அவன் தலையிலிருந்து இறக்கி வாங்கினாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

"முட்டையைக் குடு."

"யாருக்கும்மா?"

"கிடேகாவுக்கு. இத்தனை வருஷம் கழிச்சு வர்றான். மிதிக்காம எப்படி உள்ள வருவான்?"

"செத்தவங்களுக்கு வைக்கற வழக்கம் இல்லையே" என்று பெரியவர் இழுத்தார். அம்மா அவரைக் கவனிக்கவே இல்லை. கிளையை அவளே சரியாகக் கிடத்தினாள். நான் ஓடிப்போய் வெள்ளைக் கோழி அன்றைக்கு இட்டிருந்ததை எடுத்துவந்து கொடுத்தேன். அவள் மண்டிபோட்டு முட்டையை வைத்து, மூட்டையை மெதுவாக அதன்மேல் இறக்கினாள். கையை எடுத்தாள்.

முட்டை உடையவில்லை.

அம்மா மூட்டையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். உடையவில்லை. அந்த அளவுக்கு அவனிடம் கனம் இல்லை.

"அழுத்துடா கண்ணு" என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்சம். வீட்டுக்கு வந்துட்ட."

எனக்குத் தாங்கவில்லை. நானும் மண்டிபோட்டு, என் இரண்டு கையையும் மூட்டைமேல் வைத்து, என் உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். உடைந்தது. துணி நனைந்தது. அம்மா வாயைத் திறந்து அழ ஆரம்பித்தாள். வருடக்கணக்கில் அடைத்து வைத்திருந்த அழுகை அது, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் ஓடிவந்து அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.

ஒச்சாயா பாதைக்கு அந்தப் பக்கமே நின்றான். அவன் கை இரண்டும் வெறுமையாகத் தொங்கின.

"லமாரோ" என்றான். "சொல்லிட்டேன். கொண்டாந்துட்டேன். எனக்கு ஒண்ணு குடுப்பியா?"

பள்ளிக்கூடத்துப் பையன் கேட்கிற மாதிரி கேட்டான். அது எனக்குப் புரியாமல் இல்லை. அவனையும் யாரோ பிடித்துக்கொண்டு போய்த்தான் அப்படி ஆக்கினார்கள், அதுவும் புரியாமல் இல்லை. புரிந்துதான் கேட்டேன்.

"கிடேகா கையைத் தூக்கினப்ப நீ பக்கத்துலதான உக்காந்திருந்த?"

"ஆமா."

"அந்தக் கையைப் பிடிச்சுக் கீழ இறக்கிவிட்டியா?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான். பெரியவர் என்னைப் பார்த்தார். பெரியம்மா என்னைப் பார்த்தாள்.

"அப்ப அங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டு, என் தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.